ஷிப்டில் பேசும் கிறிஸ்தவருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கைகுலுக்கும்போது எல்லாருடைய பேச்சும் இனிமையாகத்தான் இருக்கிறது. அங்கே டார்கெட் இல்லை, மெமோ கொடுப்பவர் இல்லை. திங்கள்கிழமை ஆள் பற்றாமல், பாகம் வந்து சேராமல், மணிக்கு இத்தனை என்ற கணக்கு கைமீறிப் போகும்போது வாயில் என்ன வருகிறதோ, அதைத்தான் கூட வேலை செய்கிறவர்கள் கிறிஸ்தவர் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் இந்தப் பகுதியில் ஆலைகள் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, டிரெய்னி, அப்ரண்டிஸ் எல்லாரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். பல இடங்களில் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். சம்பளம் வேறு, பாதுகாப்பு வேறு, எதிர்த்துப் பேசும் துணிச்சலும் வேறு. அதனால் இங்கே கனிவான பேச்சுக்கு ஒரே அளவுகோல்தான்: நம்மை எதிர்த்துப் பேச முடியாதவரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்?

வேதாகமமும் அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. பேச்சில் கிருபையும் உப்பும் இருக்கட்டும் என்று பவுல் சொல்வது கொலோசெயர் 4:6-ல். அதே அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்துப் பேசுகிறது: வேலைக்காரர்களிடம் நியாயமாக நடங்கள் என்கிறது. ரூத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் எடுத்து வாசியுங்கள். ஒரு வயல், அதன் முதலாளி போவாஸ், ஒரு மேற்பார்வையாளர், அறுப்பு வேலைக்காரர்கள், பிழைக்க வந்த வேற்று நாட்டுப் பெண் ரூத். நம் ஆலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் இல்லை.

செய்ய வேண்டியவை

1. நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

போவாஸ் வயலுக்கு வந்ததும் எத்தனை கட்டு ஆச்சு என்று கேட்கவில்லை. கர்த்தரின் பெயரால் வேலைக்காரர்களை வாழ்த்தினார். அவர்களும் பதிலுக்கு வாழ்த்தினார்கள். நிலத்துக்கு உரியவர்தான் முதலில் வாய் திறந்தார். லைன் லீடர், சூப்பர்வைசர், மேனேஜர் யாரானாலும் ஷிப்ட் தொடக்கக் கூட்டத்தில் நேற்றைய ரிஜெக்ட் எண்ணிக்கையைப் படிப்பதற்கு முன் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். "ஏ கான்ட்ராக்ட்டு", "ஏய் ஹவுஸ்கீப்பிங்", "மூணாம் நம்பர் ஸ்டேஷன்" என்று கூப்பிடப்படுகிறவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர் உண்டு. அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பையனின் பெயரை வாய்க்கு வந்தபடி சுருக்காமல், அவன் சொல்கிறபடியே சொல்லிப் பழகுங்கள். "கானா காயா?" என்று சாப்பாட்டை விசாரிக்கும் அளவுக்கு இந்தி இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

2. திட்டத் தோன்றும்போது முதலில் கேள்வி கேளுங்கள்.

இரவு ஷிப்ட், மணி இரண்டரை. கிளிப் மாட்டாத ஒரு கதவுப் பலகை அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. சிவப்பு விளக்கு எரிகிறது, லைன் நிற்கிறது. எல்லார் கண்ணும் அந்த டிரெய்னி மேல். "தூங்குறியாடா? நாளைக்கு வராத!" என்று கத்தினால் அவன் தலையைக் குனிந்துகொள்வான், லைன் ஓடும், அடுத்த மணி நேரத்தில் அதே தவறு இன்னொரு முறை நடக்கும். "என்னாச்சு தம்பி? கிளிப் இல்லையா, மாட்ட நேரம் பத்தலையா?" என்று கேட்டால், "பெட்டி காலியாயிடுச்சுண்ணா, சொல்லப் பயமா இருந்துச்சு" என்று பதில் வரும். கிளிப் வந்து சேராததுதான் பிழை, அதைச் சொல்ல அவன் பயந்தது அதைவிடப் பெரிய பிழை. கேட்பதற்கு முன்னே பதில் சொல்வது புத்தியீனம் என்பது நீதிமொழிகள் 18:13-ன் கருத்து. கேட்க விரைந்து, பேசத் தாமதிக்கச் சொல்கிறார் யாக்கோபு. ஆலையில் இது ஒழுக்கம் மட்டும் இல்லை, தரக் கட்டுப்பாடும்கூட.

3. குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

குற்றம் செய்தவனிடம் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்பது மத்தேயு 18:15-ல் இயேசு கற்றுத்தந்த வழி. நாமோ தவறின் போட்டோவை நேராக வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பெயரையும் டேக் செய்துவிடுகிறோம். நாற்பது பேர் பார்த்துவிட்ட அவமானத்தைப் பிறகு தோளில் தட்டிச் சரிசெய்ய முடியாது. கண்டிப்பு போல்ட் முறுக்குவது மாதிரி: தளர விட்டால் கழன்றுவிடும், அளவுக்கு மேல் முறுக்கினால் மரையே போய்விடும். எது தவறு, ஏன் தவறு, அடுத்த முறை எப்படி என்று மூன்றையும் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். போன மாதத்துக் கதையை இழுக்காதீர்கள்.

4. ஷிப்ட் மாறும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மெஷினில் சத்தம் வந்ததை மறைத்து "எல்லாம் ஓகே" என்று ஒப்படைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவதும் நாவினால் செய்கிற பாவம்தான். அடுத்து வருகிறவரின் விரல் அந்த மெஷினுக்குள் போகப்போகிறது. உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லையென்றும் சொல்லும்படி மலைப்பிரசங்கம் கேட்கிறது. செக் ஷீட்டில் பார்க்காமலே டிக் அடிப்பதற்கும் இது பொருந்தும். கையெழுத்தும் நம் வாக்குத்தான்.

5. பேச முடியாதவருக்காகப் பேசுங்கள்.

இனிமையாகப் பேசுவது என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் சிரித்துக்கொண்டிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வேதாகமம் அப்படி நினைக்கவில்லை. பேச வழியில்லாதவருக்காக வாய் திறக்கச் சொல்கிறது நீதிமொழிகள் 31:8. பிடித்துவைக்கப்பட்ட கூலி தேவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு, ஐந்தாம் அதிகாரத்தில். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஓ.டி. பணம் விடுபட்டிருக்கிறது, பி.எஃப். பிடித்தம் கணக்கில் ஏறவில்லை என்று தெரிந்தால், நிரந்தர வேலையில் இருக்கிற நீங்கள் எச்.ஆர். மேஜைக்கு அவரோடு நடந்து போங்கள். கத்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். தேதி, மணி நேரம், தொகை மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு, தெளிவாகச் சொல்லுங்கள்.

பெண்களுக்கும் அப்படியே. ரூத்தைத் தொடக்கூடாது, வெட்கப்படுத்தக்கூடாது, அதட்டக்கூடாது என்று போவாஸ் ஆண்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவளைப் பார்த்து ஒதுங்கி நில் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் பெண்களும் அதில் புகார் தரலாம்; பொதுவாக மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். மகளிர் உதவி எண் 181. பாதிக்கப்பட்ட தங்கை உங்களிடம் சொன்னால் "ஜெபம் பண்ணும்மா" என்பதோடு விட்டுவிடாமல் இதையும் சொல்லுங்கள், கூடவும் போங்கள்.

6. மன்னிப்பைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அந்த ஷிப்ட் முடிவதற்குள்.

சூரியன் மறைவதற்குள் கோபம் தணியட்டும் என்ற எண்ணம் எபேசியர் 4:26-ல் இருக்கிறது. இரவு ஷிப்ட் ஆட்களுக்கு அது சூரியன் உதிப்பதற்குள். "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்கோ" என்பது மன்னிப்பு இல்லை. "எல்லார் முன்னாடியும் உன்னை முட்டாள்னு சொன்னேன். அது தப்பு, மன்னிச்சுடு தம்பி" என்று சொல்லுங்கள். எல்லார் முன்னாடி திட்டியிருந்தால் மன்னிப்பையும் எல்லார் முன்னாடியே கேளுங்கள்.

7. விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால், சாந்தத்தோடு சொல்லுங்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள், ஆனால் சாந்தமும் மரியாதையும் இருக்கட்டும் என்கிறார் பேதுரு தன் முதல் நிருபத்தில் (3:15). கேட்கிறவருக்குத்தான் பதில். கேன்டீன் மேஜையில் கேள்வி வந்தால் உங்கள் வாழ்க்கையில் நடந்ததை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு அவர் நம்பிக்கையைப் பற்றி நீங்கள் கேளுங்கள், காதுகொடுத்தே கேளுங்கள்.

8. மிச்சம் இருக்கிற பேச்சை வீட்டுக்கும் கொண்டுபோங்கள்.

கணவன் ஏ ஷிப்ட், மனைவி சி ஷிப்ட் என்றால், சேர்ந்து பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதில் லைனில் வாங்கிய திட்டை அப்படியே கொட்டிவிட்டால் மீதி என்ன இருக்கும்? ஊரில் இருக்கிற அம்மாவின் போனை எடுத்து "டியூட்டில இருக்கேன், வை" என்று வெட்டாமல், "ஆறு மணிக்குக் கூப்பிடுறேன்மா" என்று சொல்லிக் கூப்பிடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. சாதி, ஊர், மொழி, நிறம் வைத்து ஒருவரையும் கூப்பிடாதீர்கள்.

"வடக்கன்", "பான்பராக்" என்ற சொற்கள் ஆலைகளில் வேடிக்கைபோலப் புழங்குகின்றன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, ஆயிரம் மைல் தாண்டி இருந்த குடும்பங்கள் பதறின. அந்தப் பொய்யை மறுக்க அரசும் காவல்துறையும் அறிக்கை விட்டன. நம் பக்கத்து ஸ்டேஷனில் நிற்பவருக்கு எந்த அறிக்கையையும்விட நம்முடைய தினசரிப் பேச்சுதான் அத்தாட்சி. ரூத்தும் மோவாபிலிருந்து வந்தவள். போவாஸ் அவளை மகளே என்று கூப்பிட்டார். சாதி விஷயத்தில் நம் சபைகளே இன்னும் சுத்தமாகவில்லை. "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று சுற்றிவளைத்து விசாரிப்பதை முதலில் சபை வாசலிலேயே நிறுத்துவோம். தேவனைத் துதிக்கிற அதே வாயால் அவர் சாயலில் உண்டானவரைச் சபிப்பதா என்று யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தில் கேட்பது நம்மைத்தான்.

2. இரட்டை அர்த்தப் பேச்சில் சேராதீர்கள், சிரிக்கவும் செய்யாதீர்கள்.

கம்பெனி பஸ்ஸின் பின்சீட்டில் ஒரு பெண்ணைப் பற்றிக் கேலி கிளம்பும்போது பலர் வாய் பேசாமல் சிரிப்பால் கூட்டுச் சேர்கிறார்கள். பேசினவனுக்கு அந்தச் சிரிப்புதான் கூலி. "விடுப்பா, நம்ம தங்கச்சி மாதிரி" என்று ஒரு வார்த்தை போதும். சொல்கிற தொனியில் சண்டை வேண்டாம், பயமும் வேண்டாம்.

3. உறுதியாகத் தெரியாததை ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

2021 டிசம்பரில், ஆப்பிளுக்காக உற்பத்தி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இறந்ததாகச் சொன்னது பொய். விடுதியும் சாப்பாட்டு இடமும் மோசமாக இருந்தது உண்மை. அந்த நிலை தங்கள் தரத்துக்குக் குறைவானது என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இதிலிருந்து இரண்டு பாடங்கள். பதற்றத்தில் வரும் செய்தியை, பார்த்தவரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். அதேபோல, வதந்தி ஒன்று கலந்துவிட்டது என்பதற்காக உண்மையான புகாரைப் பொய் என்று தள்ளாதீர்கள்.

4. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறம்பேசாதீர்கள்.

"அந்த சிஸ்டருக்காக ஜெபிக்கணும்... ஹாஸ்டலுக்கு ராத்திரி லேட்டா வருதாம்" என்று தொடங்கினால் அது ஜெபக்குறிப்பு இல்லை. இந்தத் தவறு நமக்கே உரியது. வேறு யாரும் புறங்கூறுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை. அந்தப் பெண் ஓ.டி. முடித்து வந்திருக்கலாம், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம். அவளையே கேட்டால் தெரிந்துபோகும். ஒருவருக்காகக் கூட்டத்தில் ஜெபிக்க வேண்டுமானால் முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அறையில் தனியே ஜெபியுங்கள். தேவனுக்கு விவரம் தெரியும். புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மண்ணில் பிறந்த நமக்கு இது இரட்டைப் பொறுப்பு.

5. பிறர் வழிபாட்டைப் பழிக்காதீர்கள்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். வாங்கிச் சாப்பிடலாமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பவுல் காலத்துக் கொரிந்துவிலும் படைத்த உணவைப் பற்றி இந்தக் கேள்வி இருந்தது. உங்கள் மனச்சாட்சி எதுவோ அதன்படி நடங்கள். வாங்கினால் நன்றி சொல்லி வாங்குங்கள். வேண்டாமென்றால் "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, நான் சாப்பிடுறதில்ல; உங்களுக்கு வாழ்த்துகள்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். முகம் சுளிப்பதும், பிசாசு என்று முணுமுணுப்பதும் சாட்சி இல்லை. எபேசுவில் பவுலின் கூட்டாளிகளைக் கூட்டம் பிடித்து இழுத்தபோது, இவர்கள் நம் தேவியைத் தூஷித்தவர்கள் இல்லை என்று அந்த நகரத்து அதிகாரியே எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). நம்மைப் பற்றியும் அப்படிச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். நாம் வாழ்வதோ ராமானுஜர் 1017-ல் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி. வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்தான் நமக்கு ரத்தம் கொடுக்க முதலில் ஓடிவருவார்.

6. பதவியை வைத்துப் பிரசங்கிக்காதீர்கள்.

லீவு கையெழுத்து உங்கள் கையில் இருக்கும்போது "ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு வாயேன்" என்று அழைத்தால், கேட்பவருக்கு அது அழைப்பாக இருக்காது, உத்தரவாக இருக்கும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவருக்கு நியாயமான ஷிப்ட் போடுவதும், கேட்ட லீவைக் கொடுப்பதும், அவர் உழைப்பை மேலிடத்தில் அவர் பெயரிலேயே சொல்வதும்தான் உங்கள் சுவிசேஷம்.

7. வேலை போனவர் மேல் வசனத்தை எறியாதீர்கள்.

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேலையில்லாமல் நின்றார்கள். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், கட்டாத சீட்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். அப்படிப்பட்டவரிடம் போனதும் "சகலமும் நன்மைக்கே" என்று தொடங்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். முதலில் உட்காருங்கள். "இந்த மாசம் வாடகைக்கு என்ன பண்ணப் போற?" என்று கேளுங்கள். பிறகு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

8. வேலைநிறுத்தக் காலத்தில் ஒருவர் விசுவாசத்தை ஒருவர் எடைபோடாதீர்கள்.

சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய போராட்டம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சங்க அங்கீகாரம் அதில் முக்கியமான கோரிக்கை. இப்படிப்பட்ட நாட்களில் பந்தலில் உட்கார்ந்தவரும், உள்ளே வேலைக்குப் போனவரும், எச்.ஆரில் இருப்பவரும் ஒரே பெஞ்சில் நற்கருணைக்குக் காத்திருக்கக்கூடும். "கருங்காலி" என்று ஒருவரையும் "கலகக்காரன்" என்று இன்னொருவரையும் சபைக்குள் சொல்லாதீர்கள். கொள்கையில் மாறுபடுங்கள், கோரிக்கையை உரக்கவே சொல்லுங்கள், ஆளை இழிவுபடுத்தாதீர்கள். போதகர்களும் மேடையிலிருந்து "கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு, கூலியைப் பற்றிய வசனத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

9. உறங்குகிற அறையில் உரக்க ஜெபிக்காதீர்கள்.

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதுபோன்ற விடுதிகளில் ஒரு அறைக்குள்ளேயே மூன்று ஷிப்ட் ஆட்கள் இருக்கலாம். விடிகாலையில் உரத்த சத்தமாக வாழ்த்தினால் அது சாபமாகவே கேட்கும் என்கிறது நீதிமொழிகள் 27:14. இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் போனில் பாட்டுப் போடுவது பக்தியாகாது. மெல்லப் பேசுவதும், ஸ்பீக்கரை அணைப்பதும், கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதும் கனிவான பேச்சைச் சேர்ந்தவைதான்.

10. பொறுமை என்று சொல்லி ஒருவர் வாயை அடைக்காதீர்கள்.

"கிறிஸ்தவங்க எதிர்த்துப் பேசக்கூடாது" என்ற அறிவுரை பெரும்பாலும் மேலே இருப்பவரிடம் சொல்லப்படுவதில்லை. கீழே இருப்பவரிடம்தான் சொல்லப்படுகிறது. கன்னத்தில் அறைந்த காவலனைப் பார்த்து, நான் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்டார் இயேசு (யோவான் 18:23). அதில் வசை இல்லை, பணிந்துபோதலும் இல்லை. நாம் கற்க வேண்டிய பேச்சு அதுதான்.

சபைகளுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பகுதியின் சபைகளில் வாரந்தோறும் புது முகங்கள் வருகின்றன. விழுப்புரம், தர்மபுரி, ராஞ்சி என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். பேச்சைப் பற்றிய பிரசங்கத்தை இனி ஆலையின் உதாரணங்களோடு செய்யுங்கள். லைன் லீடராகவும் சூப்பர்வைசராகவும் இருக்கிற உறுப்பினர்களை மாதம் ஒருமுறை உட்காரவைத்து, "உங்களுக்குக் கீழே வேலை செய்றவங்க உங்களைப் பத்தி என்ன சொல்வாங்க?" என்று கேளுங்கள். ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில் ஆராதனை வையுங்கள்.

ரூத் தன் வாயாலேயே போவாஸிடம் சொன்னாள்: என்னைத் தேற்றினீர், அன்போடு பேசினீர் என்ற பொருளில் (ரூத் 2:13). அன்றுதான் அந்த வயலுக்குக் கதிர் பொறுக்க வந்தவள், அந்நிய நாட்டுக்காரி, எதிர்த்துப் பேச வழியில்லாதவள் தந்த சான்று அது. நம் பேச்சு கிருபை நிறைந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதியும் நம் ஆலைகளில் அப்படிப்பட்டவர்களுக்கே உண்டு. நாளைக்கு வேலைக்குப் போனதும், உங்கள் லைனில் கடைசியாகச் சேர்ந்தவர் யார் என்று பார்த்து அவரிடமிருந்து தொடங்குங்கள்.